நூறு கோடியே ஒன்பது

என் வீட்டுக்காரர் தில்லைநாயகம் பிள்ளை, கோயில் கணக்குக் கச்சேரியில் ஓலை பார்த்துக் காகிதத்தில் பெயர்த்தெழுதுகிறவர். கீலக வருஷம் வாந்திபேதியில் எங்கள் ஒரே மகள் போனாள். அவர் அழவில்லை. பதினாறாம் நாள் கழிந்ததும் ஓர் எண்ணை வகுக்க உட்கார்ந்தார்.

பாளையங்கோட்டையில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், நடத்தும் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் சத்தியநேசன் எப்போதோ சொல்லியிருந்தாராம், எதாலும் வகுபடாத பெரிய எண் ஒன்று கொண்டுவந்தால் பள்ளிப் பத்திரிகையில் பேரோடு போடுகிறேன் என்று. இவர் பிடித்தது நூறு கோடியே ஒன்பது. புளியங்கொட்டையை எப்படிச் சரிவரிசையாக அடுக்கினாலும் மிச்சம் விழுமே, அப்படிப்பட்ட எண். மூன்றில் தொடங்கி முப்பத்தோராயிரத்து அறுநூற்றுச் சொச்சம் வரை பார்த்தால் போதுமாம். ஐந்து வருஷம் ஆயிற்று. கச்சேரி விட்டு வருவார், சாப்பிடுவார், வகுப்பார். குழம்பில் உப்பில்லை என்றுகூடச் சொன்னதில்லை. இது ஒன்று வகுபடாமல் நின்றால் போதும் என்பார், அவ்வளவுதான் பேச்சு. நானும் மரக்கட்டையாகத்தான் இருந்தேன்.

பிரமாதீச வருஷம் ஐப்பசியில் முடித்தார். எண்ணை மட்டும் தனிச் சீட்டில் எழுதி, வகுத்த தாள்களைக் கட்டாகக் கட்டி, ஆற்றுப்பாலம் தாண்டிப் போனார். திரும்பும்போது சீட்டு மட்டும்தான் கையில் இருந்தது.

“கட்டு எங்க?”

“ஆத்துல போட்டுட்டேன். மூணால போவுதாம்.”

“யாரு சொன்னா?”

“வாத்தியாருதான். இலக்கத்தக் கூட்டுனாரு, பன்னெண்டு வந்துச்சு. மொத வகுத்தலே தப்புன்னா மத்ததெல்லாம் எதுக்கு?”

சீட்டை வாங்கினேன். எனக்கு எழுத்துத் தெரியாது. பிள்ளையார் சுழி மட்டும் தெரியும். காகிதத்தை மிச்சம் பிடிக்கிற மனுஷர், சுழியை மேலே போடாமல் எண்ணுக்கு முன்னால் ஒட்டியே போட்டிருந்தார். வாத்தியாரின் பென்சில் கோடு சுழிக்கு அடியிலிருந்தே தொடங்கியது.

“பிள்ளையாரையும் சேத்துல்லா கோடு போட்டிருக்காரு?”

சீட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். “ரெண்டுன்னு படிச்சிட்டாரு” என்றார். தமிழ் இலக்கத்தில் இரண்டும் பிள்ளையார் சுழியும் ஒரே உருவமாம். சீட்டை வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

நான் விடவில்லை. மறுநாள் சீட்டை எடுத்துக்கொண்டு நானே பாலம் தாண்டினேன்.

“வேதக்கார ஐயாவுக்கு எங்க பிள்ளையாரு ரெண்டாத் தெரியுதாரோ?”

வாத்தியார் சீட்டைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். “தப்பு என்மேலதாம்மா. கூட்டுனா பத்துதான் வருது, மூணால போவாது. அந்தத் தாளையெல்லாம் கொண்டாங்க, அச்சுக்குக் குடுத்திருவோம்.”

“அது ஆத்தோட போச்சு.”

“அப்ப வகுபடாதுன்னு எத வச்சு நான் போட?”

“அவுக வாக்க வச்சு.”

“அது செல்லாதம்மா.”

“செல்லாதுன்னா நீங்க வகுத்துக் காட்டுங்க” என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த மாதப் பத்திரிகையில் எண் வந்தது, பேர் இல்லை. இதை வகுக்க முடிந்தவர்கள் எழுதலாம் என்று கீழே போட்டிருந்ததாம். மாதாமாதம் ஆள் விட்டுக் கேட்டேன். ஒரு வருஷம் போயிற்று.

“ஒருத்தரும் எழுதலியாம்” என்றேன் வீட்டுக்காரரிடம்.

“எழுத மாட்டாக” என்றார்.