கை தூக்கிக் கலைத்த ஹொக்கிக் கழகம்

போன செவ்வாய்க்கிழமை மாலை, ஓர் ஐஸ் ஹொக்கிக் கழகம் கலைக்கப்படுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பார்வையாளனாகத்தான். நான் உறுப்பினன் அல்ல; பேசும் உரிமையும் இல்லை, வாக்கும் இல்லை. இருந்திருந்தால்... சரி, விடுங்கள்.

தமிழனுக்கும் ஐஸ் ஹொக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் பலர் இந்நேரம் பக்கத்தைப் புரட்டப் பார்ப்பீர்கள். பொறுங்கள். அந்தக் கழகத்தைக் கலைத்ததே நம்மவர்கள்தான். அதுவும் ஒரு தடவை அல்ல — இரண்டு தடவை!

கழகத்தின் வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய வரலாறு ஒன்றுமில்லை. நோர்வேத் தலைநகரின் ஓரத்தில் உள்ள அம்மருட்டில் மாடிக் குடியிருப்புகள் எழுந்த காலத்தில், அங்கே குடிவந்த தொழிற்சாலைக்காரர்கள் சிலர் ஒரு வெட்டவெளியில் தண்ணீரைப் பாய்ச்சி, உறையவிட்டு, விளையாடத் தொடங்கினார்கள். பிறகு கூரை போட்ட மண்டபம் வந்தது. மஞ்சள் சட்டை வந்தது. வெற்றி மட்டும் வரவில்லை. மூன்றாம் பிரிவிலேயே காலம் போனது. ஒரேயொரு தடவை இரண்டாம் பிரிவுக்கு ஏறினார்கள். அடுத்த பருவமே இறங்கிவிட்டார்கள். அந்தப் பருவத்துப் படம் மண்டபச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. தோல்விக்குச் சட்டம் அடித்து மாட்டிய கழகம் வேறெங்கும் நான் கண்டதில்லை.

பிறகு நோர்வேஜியக் குடும்பங்கள் தோட்டம் வைத்த வீடு தேடி நகரத்துக்கு வெளியே போயின. நன்றாக விளையாடியவர்களைப் பக்கத்துப் பெரிய கழகம் ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போனது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தபோது, வளர்ந்தோர் அணிக்கு ஆள் சேர்ப்பதே பெரும்பாடு.

அப்போதுதான் நம்மவர்கள் வந்தார்கள். பிள்ளைகளைச் சறுக்கப் பழக்க விட்டார்கள். விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியுமா? டுக்னாட் என்று ஒன்று இருக்கிறதே... சம்பளமில்லாமல் எல்லோரும் கூடிச் செய்கிற வேலை. அதில் நம்மவர்களை அடிக்க ஆளில்லை. வாஃபல் சுடச் சொன்னால் வாஃபலும் சுட்டு, பக்கத்தில் மீன் ரோல்ஸும் அடுக்குவார்கள். எதிரணிகள் அம்மருட்டுக்கு விரும்பி வந்தன. வென்றுவிட்டு, வயிறும் நிறைந்து போயின.

அணியின் கோல் காப்பாளர் ஜெயசீலன். பஸ் ஓட்டுநர். ஊரில் கிரிக்கெட் விக்கெட் காப்பாளராக இருந்தவர். அகதியாக வந்த முதல் பனிக்காலத்தில், குளிருக்கு ஒதுங்கி அந்த மண்டபத்துக்குள் நுழைந்திருக்கிறார். சறுக்கத் தெரியாது. அதனால் கோலுக்குள் நிறுத்தினார்கள்.

"மற்ற இடமெல்லாம் நான் ஒரு நம்பர் அண்ணை. இவங்கள்தான் முதல்முதல் பேர் சொல்லிக் கூப்பிட்டவங்கள்" என்பார். நாற்பதை நெருங்கியும் இன்னும் கோலுக்குள்தான் நின்றார். அந்த அணியை விட்டால் அவருக்கு வேறு அணி இல்லை. இந்த வயதில் யார் சேர்ப்பார்கள்?

கழகத் தலைவர் பியோர்ன், ஓய்வுபெற்ற குழாய்த் தொழிலாளி. நல்ல மனிதர். எத்தனையோ வருடங்களாகத் தனியாக இழுத்துக் களைத்துவிட்டார். இந்த வருடப் பொதுக்கூட்டத்தில் எழுந்து, "என்னால் இனி முடியாது. கழகத்தைக் கலைத்துவிட்டு, ஐஸ் மண்டபத்தில் நமக்கு ஒதுக்கிய நேரத்தைப் பெரிய கழகத்துக்குக் கொடுத்துவிடலாம்" என்று சொல்லித் தன் கையைத் தூக்கினார்.

கூட்டத்தில் பெரும்பான்மை நம்மவர்கள். அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள்!

ஜெயசீலன் அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். மறுநாள் மனைவி கலாவோடு என் வீட்டுக்கு வந்தார். நான் நகரசபை அலுவலகமொன்றில் விண்ணப்பங்களோடு காலம் தள்ளியவன். விதிமுறை என்றால் என் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள்.

"நீரும் தூக்கினீரோ?" என்று கலாவைக் கேட்டேன்.

"ஓம் அண்ணை. பியோர்ன் எங்கடை பிள்ளையளுக்காக எத்தினை இடம் அலைஞ்ச மனிசன். அவர் கை தூக்கேக்கை நாங்கள் சும்மா இருந்தால், அந்தாளின்ரை முகத்தை முறிக்கிற மாதிரி எல்லோ?"

"புருசன்ரை ரீமைக் கலைக்கலாமோ?"

"உடம்பெல்லாம் அடிபட்ட கண்டலோடை வாறார். கலைச்சால் என்ன எண்டும் கொஞ்சம் யோசிச்சனான்தான்."

ஜெயசீலன் சிரிக்கவில்லை. "ஒண்டும் செய்யேலாதோ அண்ணை?" என்றார்.

செய்யலாம். இந்த நாட்டில் விளையாட்டுக் கழகத்தை ஒரே கூட்டத்தில் கலைக்க முடியாது. சில மாத இடைவெளியில் இரண்டு கூட்டம் வேண்டும்; இரண்டிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இரண்டாவது கூட்டத்தில் தோற்கடித்தால் கழகம் பிழைக்கும். பியோர்னைத் தொலைபேசியில் பிடித்து, புதிய நிர்வாகத் தெரிவை நிகழ்ச்சி நிரலில் முதலில் போடச் சொன்னேன். ஆள் கிடைத்தால் தனக்கும் சந்தோசம் என்றார்.

கழகத்து நம்மவர்களைக் கூப்பிட்டு என் வரவேற்பறையில் ஒத்திகை வைத்தேன். சிரிக்காதீர்கள். நான் பியோர்னாக நின்று, "கலைக்கச் சம்மதிப்பவர்கள்?" என்று கையைத் தூக்கினேன். உடனே எதிரே சில கைகள்!

"மகேந்திரன், நீர் ஏன் தூக்கினனீர்?"

"நீங்கள் தூக்கினீங்கள் அண்ணை..."

இந்த மகேந்திரன் நம் ஊர்ச்சங்கமொன்றின் தலைவர். படித்தவர். தலையில் அடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பழக்கினேன். கைகளை மடியில் வைத்திருக்கப் பெரியவர்களுக்கு வகுப்பெடுக்கும் நிலை எதிரிக்கும் வரக்கூடாது.

நிர்வாகத் தெரிவைப் பற்றி மட்டும் நான் கவலைப்படவேயில்லை. தலைவர் பதவிக்காகச் சங்கத்தையே இரண்டாக உடைத்த சமூகமல்லவா நாம்? அடிபிடி நடக்காமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது கூட்டத்துச் செவ்வாய்க்கிழமை வந்தது. புதிய தலைவர் யார் என்று பியோர்ன் கேட்டார். ஜெயசீலன் எழுந்தார். கைதட்டல். உபதலைவர்? ஆளில்லை. நிர்வாக உறுப்பினர்? ஆளில்லை. தலைவர் ஒருவரை மட்டும் வைத்து நிர்வாகம் அமைக்க விதி இடம் கொடுக்காது.

"மகேந்திரன் அண்ணை, நீங்கள் வாங்கோவன்" என்றார் ஜெயசீலன்.

"சீச்சீ, என்னைவிடத் திறமான ஆக்கள் இருக்கினம்."

திறமான ஆக்கள் எல்லோரும் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயசீலன் கலாவைக் கேட்டார். "நீங்கள் தலைவர், நான் உபதலைவர் எண்டால் குடும்பச் சங்கம் எண்டு கதைக்க மாட்டினமோ?"

ஏன் இந்தப் பதவி மட்டும் கசக்கிறது? நம் சங்கத் தலைவருக்கு மாலை உண்டு, மேடை உண்டு, விளக்கேற்ற முதல் அழைப்பு உண்டு. இங்கே மண்டபச் சாவியும் பனி அள்ளும் சவளும்தான். விதி தெரிந்த நானோ வாயைத் திறக்க விதி இல்லாமல் மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்தது, கலைக்கும் தீர்மானம். பியோர்ன் கையைத் தூக்கினார். நம்மவர்கள்? பழக்கியபடியே, ஒரு கை அசையவில்லை! கழகத்தை நடத்தவும் மாட்டார்கள், விடவும் மாட்டார்கள்.

பியோர்ன் தூக்கிய கையை இறக்கினார். "அப்படியென்றால்... நானே தொடர்ந்து செய்ய வேண்டுமா?" என்றார். கோபமே இல்லை. அவருடைய மனைவி சில வாரங்களாகப் படுக்கையில் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

ஜெயசீலன் அவரைப் பார்த்தார். பிறகு நம் பக்கம் திரும்பினார்.

"தூக்குங்கோ."

"அண்ணை தூக்க வேண்டாம் எண்டு பழக்கினவர்..." என்று யாரோ இழுத்தார்கள்.

"நான் சொல்லுறன், தூக்குங்கோ. அந்த மனிசன் வீட்டை போகட்டும்."

முதலில் எழுந்தது ஜெயசீலனின் கைதான். பிறகு எல்லாக் கைகளும் எழும்பின. பழக்காமலே, ஒரே நேரத்தில்.

தன் பெரிய பையை எடுக்க உடைமாற்றும் அறைக்குள் போன ஜெயசீலன் நெடுநேரம் வெளியே வரவில்லை. கலா கதவடியில் நின்றார். உள்ளே போகவில்லை.

நான் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தேன். பின்னால் ஓடிவந்தார் மகேந்திரன்.

"அண்ணை, ஒரு யோசினை. எங்கடை ஆக்களுக்கெண்டே ஒரு ஹொக்கிக் கழகம் தொடங்கினால் என்ன? தலைவரா நான் நிக்கிறன்."

"விளையாட ஆளிருக்கோ?" என்று கேட்டேன்.

"அதைப் பிறகு பாப்பம் அண்ணை. முதல்லை திறப்பு விழாவுக்கு ஆரைக் கூப்பிடுறது எண்டு சொல்லுங்கோ."