ஓடைக் காவலன் எசென்குல்

எங்கள் ஊர் ஓடையை அதிகம் கெடுத்தது யார் என்று கேட்டால் பச்சைப் பிள்ளையும் எசென்குல் பெயரைத்தான் சொல்லும். சந்தைக்கு வேன் ஓட்டுகிறவன். சாயங்காலமானால் முன்சக்கரம் முங்கும்படி வேனை ஓடைக்குள் இறக்கி, சோப்பு நுரை பொங்கக் குளிப்பாட்டுவான். கீழ்த்தெருக் குதிரைகள் அந்தத் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

ஓடையைக் காப்பாற்றப் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டோம். கால்நடை மருத்துவர் புருல்ச்சா எழுந்து, “காவலுக்கு எசென்குல் அண்ணனையே போட்டுருவோம். வேற யாரைப் போட்டாலும் அவரைப் பிடிக்கிறதே வேலையாப் போயிரும்” என்றார்.

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. அவனுக்கோ பதவி என்றதும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மறுநாளே கழுத்தில் ஒரு விசில். வேனை வீட்டு வாசலில் வாளித் தண்ணீரில் துடைத்தான். ஊரையே இழுத்துவந்து, மண் சரியாமலிருக்கக் கரை நெடுக வில்லோ மரக் கிளைகளை நட வைத்தான். கம்பளம் அலச வந்தவர்களை விரட்டினான். ஒருநாள், நடு ஓடையில் நின்று மூத்திரம் பெய்த குதிரையைப் பார்த்தும் ஊதினான்.

“இதுக்கு எப்படிண்ணே சொல்லிப் புரியவைக்கிறது?” என்றான் குதிரைக்காரன்.

“வீட்டுலயே முடிச்சிட்டு வரச் சொல்லு!”

அப்புறம் அவன் மகனின் சுன்னத்து விருந்து வந்தது. ஆடு அறுத்தாயிற்று. பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வந்திருந்த மாமியார் அனார்கான், குடல் நிறைந்த அண்டாவோடு நேரே ஓடைக்குப் போனாள். எசென்குல் பின்னாலேயே ஓடினான். விசிலை வாயில் வைத்தவன், மாமியார் திரும்பிப் பார்த்ததும் எடுத்துவிட்டான்.

“அத்தே, ஓடையில கழுவக் கூடாது.”

“உங்க கல்யாணத்துக்கும் இங்கதான் மாப்ளே கழுவினேன். மூணு தட்டு வாங்கித் தின்னீங்களே, அப்ப கசக்கலையா?”

“அப்ப நான் காவலன் இல்லையே அத்தே.”

“சரி, தண்ணி கெடக் கூடாது, குடலும் சுத்தமாகணும். அப்ப நீங்களே கழுவுங்க!”

அண்டாவை அவன் காலடியில் வைத்துவிட்டுக் கரைமேல் உட்கார்ந்துகொண்டாள். விருந்தாளிகளெல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை குடல் கழுவியதாகக் கதைகூடக் கிடையாது. எசென்குல் காது சிவக்க, ஓடையை விட்டுத் தள்ளி, அழுக்குத் தண்ணீர் விழ ஒரு குழி வெட்டினான். வாளி வாளியாக மொண்டுவந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தான்.

“உள்பக்கத்தைப் புரட்டுங்க மாப்ளே. வேனைத் தேய்க்கிற மாதிரி தேய்ச்சா கிழிஞ்சிரும்.”

சாப்பாடு பொழுது சாய்ந்துதான் ஆயிற்று. பசியில் ஒருவரும் குறை சொல்லவில்லை. அனார்கான் மட்டும் ஒரு துண்டை மென்று பார்த்து, “பரவாயில்ல, என் பொண்ணு கழுவுறதவிட சுத்தம்” என்றாள். மகள் அன்றிரவு தாயோடு பேசவில்லை.

அதோடு எங்கள் ஊர்ப் பெண்கள் விழித்துக்கொண்டார்கள். எந்த விருந்தானாலும் குழி வெட்டுவதும் குடல் கழுவுவதும் ஆண்கள் வேலை என்றாயிற்று. இந்த வசந்தத்தில் காவலனை மறுபடி தேர்ந்தெடுத்தபோது, எசென்குலுக்கு ஒரு ஆண்பிள்ளைகூடக் கை தூக்கவில்லை. பெண்களோ இரண்டு கைகளையும் தூக்கினார்கள். ஆளுக்கு ஒரு கைதான் கணக்கு என்று புருல்ச்சா கத்தவேண்டியிருந்தது. அப்படியும் அவன்தான் ஜெயித்தான்.