நந்தியாவட்டையும் பெரிய பர்னரும்

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் புது அடுப்பு வந்தது. நான்கு பர்னர், மேலே கறுப்புக் கண்ணாடி. என் கணவர் பத்து நாள் செல்போனைத் தடவித் தடவி, வாங்கியவர்கள் எழுதிய அபிப்பிராயங்களையெல்லாம் படித்துத் தேர்ந்தெடுத்தது. "இதுல இருக்கற பெரிய பர்னர் ஓட்டல் அடுப்பு மாதிரி எரியுமாம்" என்றார். இரண்டு பேருக்கு ரசம் வைக்க ஓட்டல் அடுப்பு எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன், கேட்காமல் விட்டுவிட்டேன். அப்படி விடுவதற்கு நான் பாடுபட்டுப் பழகியிருக்கிறேன். எப்படிப் பழகினேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அடுப்பைப் பொருத்த வந்தவர் பற்றவைத்துவிட்டு, "மேடம், ஃபிளேம் ஓகேவா பாருங்க" என்றார். நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தேன். சீராக, விட்டுப்போகாமல், உஸ்ஸென்று ஒரே சத்தம். நன்றாகத்தான் எரிகிறது என்றேன். "அடுப்ப காதால பாக்குற ஆள இன்னைக்குதான் பாக்குறேன்" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். அவர் போன பிறகு வெகுநேரம் அடுப்பைத் துடைத்துக்கொண்டே நின்றேன். புது அடுப்பில் துடைக்க என்ன இருக்கிறது?

ஆனால் வாடை இருந்தது. புது பர்னர் முதல் தடவை எரியும்போது அதில் பூசியிருக்கும் எண்ணெய் கருகி ஒரு வாடை வருமே, அதுதான். அந்த வாடைக்குள் நான் நான்கு வருடம் சம்பளம் வாங்கியிருக்கிறேன். விருத்தாசலம் கடைவீதியில் ஒரு பாத்திரக்கடை, அதில் அடுப்புப் பிரிவு, அதில் நான். வருடம் இரண்டாயிரத்துச் சொச்சம். விறகையும் மண்ணெண்ணெயையும் விட்டுவிட்டு ஊரே கேஸுக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். எனக்கு இருபத்திரண்டு வயது. கடையில் நான்தான் ஒரே பெண், அதோடு கடையிலேயே பெரிய வாயும் எனக்குத்தான். "இந்தப் பொண்ணு பேசியே செவுத்துக்கு அடுப்ப வித்துடும்" என்று முதலாளி சொல்வார். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேசி விற்பதில் எனக்கு ஒரே ஒரு போட்டி இருந்தது. ராஜவேலு அண்ணன். எங்கள் தெருக்காரர். கடைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளைக்கு நெருப்பு பார்க்கிறவர். சூளைக் கதவில் கட்டைவிரல் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். அதன் வழியாக உள்ளே நெருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. உள்ளே சரக்கோடு சரக்காகச் சின்னச் சின்ன மண் கூம்புகளை நிறுத்தி வைத்திருப்பார்கள். கோன் என்பார்கள். சூடு சரியாக ஏறியதும் கூம்பு தலைசாயும். சாய்ந்தவுடன் நெருப்பை நிறுத்த வேண்டும். கொஞ்சம் தவறினாலும் உள்ளே அடுக்கிய அகல் விளக்கெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், மொத்தச் சூளையும் குப்பைக்குத்தான். இருபது வருடம் அந்த ஓட்டையில் கண்ணை வைத்திருந்தார். புருவம் பாதிதான் இருக்கும்.

அப்பேர்ப்பட்ட நெருப்பைப் பார்க்கிற மனிதருக்கு வீட்டு அடுப்பு எம்மாத்திரம் என்று தெருப் பெண்கள் முடிவு கட்டியிருந்தார்கள். யார் அடுப்பு வாங்கினாலும் அவரையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். நான் அரை மணி நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியிருப்பேன். அவர் வந்து குனிந்து பார்த்து, "இது நீலமா எரியுது, இத எடுத்துக்கங்க. அது நுனியில மஞ்சள் காட்டுது, பாத்திரத்துல கரி புடிக்கும்" என்பார். அவ்வளவுதான், வியாபாரம் முடிந்தது. "அண்ணே, என் சம்பளத்துல பாதி ஒங்களுக்குதான் தரணும்" என்பேன். "மீதிய வச்சி நீ என்னா பண்ணப்போற?" என்பார்.

அவர் வீட்டு வாசலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கம்பெனியில் கழித்துக்கட்டிய சாமானெல்லாம் அங்கே தொட்டிகளாக நிற்கும். வாய் கோணிய ஊறுகாய் ஜாடியில் ரோஜா, விரிசல் விட்ட வாஷ்பேசினில் புதினா. எங்கள் தெருவில் எங்கே தோண்டினாலும் மண்ணுக்குப் பதில் பீங்கான் சில்லுதான் வரும், அதனால் எல்லோர் வீட்டிலும் செடி ஜாடியில்தான். அதில் முக்கால்வாசி அவர் வீட்டுக் கிளை. கேட்டு வாங்கியதில்லை. கேட்டு வாங்கிய கிளை பிடிக்காது, திருடி வைத்தால்தான் வேர் விடும் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. திருட்டுக்கும் ஒரு முறை உண்டு. நீங்கள் போய் செடியின் பக்கத்தில் சும்மா நிற்க வேண்டும். அவருக்குப் புரிந்துவிடும். முதுகைத் திருப்பிக்கொண்டு வானத்தைப் பார்த்து, "இன்னைக்கி மழை வரும்போல இருக்குதே" என்பார். நீங்கள் சடக்கென்று ஒடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும். நன்றி சொல்லக் கூடாது. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் எங்கள் தெருவில் தினம் மழை வரும்போல இருக்கும்.

அவரிடமிருந்து தெரு முழுக்கப் போன செடி நந்தியாவட்டை. வெள்ளை அடுக்குப்பூ. யார் நின்றாலும் அதன் பக்கமாக நகர்த்தி நிறுத்துவார். பிறகு ஒரு வருடம் கழித்து, காலையில் வீடு வீடாக வந்து பூ கேட்க ஆரம்பித்தார். "ரெண்டு பூ இருந்தா குடும்மா." அவர் வீட்டுச் செடியில்தான் மொட்டு விட விட அவரே பறித்துவிடுவாரே. சாமிக்கு என்று நினைத்தோம். ஒருநாள் மதியம் தனம் அக்காவிடம், அவர் மனைவியிடம், ஏதோ கேட்கப் போனேன். அண்ணன் கூடத்தில் படுத்திருந்தார். மூடிய இரண்டு கண்ணிலும் நந்தியாவட்டைப் பூ, மேலே ஈரத்துணிக் கட்டு. "சூளைச் சூடு. குளிர்ச்சிக்கு வச்சிருக்காரு" என்றார் அக்கா, நான் கேட்பதற்கு முன்னாலேயே. அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்குப் பேசத்தான் தெரியும், கவனிக்கத் தெரியாது.

ஓர் ஆடி மாதம் அண்ணனும் அக்காவும் தங்களுக்கே அடுப்பு வாங்க வந்தார்கள். கடையில் தள்ளுபடிக் கூட்டம். அக்காவுக்கு வேண்டியது வீட்டு அடுப்புதான், ஆனால் நாற்பது பேருக்குச் சோறு வடிக்கிற மாதிரி பெரிய பித்தளை பர்னர் இருக்க வேண்டும். "நாப்பது பேரா? யாருக்கா கல்யாணம்?" என்றேன். அக்கா பர்னரை விரலால் தட்டிப் பார்த்தார். மூன்று அடுப்புகளை வாசல் பக்கமாக வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகப் பற்றவைத்தேன். அண்ணன் முதல் அடுப்பின் மேல் காதைச் சாய்த்தார். குனிந்து பார்ப்பவர் எதற்குத் தலையைச் சாய்க்கிறார் என்று எனக்கு உறைக்கவில்லை. அது வேண்டாம் என்றார். சரியாகத்தான் சொன்னார். இரண்டாவதும் வேண்டாம் என்றார். மூன்றாவதைப் பற்றவைக்கும்போது, ஆடித் தள்ளுபடி என்று அலறிக்கொண்டு ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. அந்த அடுப்பில் காற்றுப் போகும் வழியை நான் சரிசெய்யாமல் விட்டிருந்தேன். ஒரு சாண் உயரத்துக்கு மஞ்சள் தீ, கரியாகப் புகைகிறது. அண்ணன் தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஆட்டோ நகரவில்லை. கடைசியில், "நல்ல நீலம். இதையே எடுத்துக்கலாம்" என்றார்.

நான் கைகொட்டிச் சிரித்தேன். ஆட்டோ சத்தத்தை மீற வேண்டும் என்பதற்காகக் கத்தி வேறு சொன்னேன். "என்னாண்ணே! மஞ்ச மஞ்சேர்னு எரியுது, நீலம்ங்கறீங்க? கண்ணு அவிஞ்சிபோச்சா? சூளையில என்னத்ததான் பாக்குறீங்க?"

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிக்காமல் திரும்பிப் பார்த்தவர், மகள் கல்யாணத்துக்குக் குக்கர் பார்க்க வந்திருந்த ஒருவர். அண்ணன் வேலை செய்த கம்பெனியின் மேனேஜர். அவரைக் கடைக்குள் வரவேற்று உட்கார வைத்ததே நான்தான். தனம் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் உடைகிற பிடி. அண்ணன் மட்டும், "வெளிச்சம் கண்ணுல அடிக்குதும்மா" என்று வாசல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே வெயிலே இல்லை, மேகம் மூடி மோடம் போட்டிருந்தது.

அடுப்பு வாங்காமல் போய்விட்டார்கள். பத்து நாள் கழித்து அக்கா மட்டும் வந்து, இரண்டாவது அடுப்பைக் காட்டி இது போதும் என்றார். மறுநாள் பொருத்திக் கொடுக்க நானே போனேன். வேலை நேரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தார், வாசலில் செடிகளுக்கு நடுவே. சமையலறையில் குழாயை மாட்டிக்கொண்டே, "அண்ணன் வேலைக்கிப் போவலியாக்கா?" என்று கேட்டேன்.

அக்கா மெதுவாகத்தான் பேசினார், வெளியே கேட்கக் கூடாது என்று. "மேனேஜரு சூளைகிட்ட கூட்டிக்கிட்டுப் போயி, ராஜவேலு, கோனு சாஞ்சிடிச்சா பாருன்னாராம். இவரு ஓட்டையில பாத்துட்டு, இன்னும் சாயல சார், அர மணி ஆவும்னாராம். உள்ள கோனே வைக்கலடி. வேணும்னே வைக்காம கதவ மூடியிருக்காங்க. அத்தன பேரு முன்னால."

முடுக்கிய மரையையே ஸ்பேனரால் மறுபடி முடுக்கினேன். அக்கா நிறுத்தவில்லை. ரெண்டு வருஷமாவே கண் மங்கல்தான், சத்தத்தையும் நேரத்தையும் வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தாராம். ஒரு சரக்குகூட கெட்டதில்லையாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் கம்பெனிக்குத் தெரிந்துவிடும் என்று போகவில்லை. "கார்த்திகை வரைக்கும் ஓட்டிட்டா போதும்னு இருந்தோம். அதுக்குள்ள இந்த அடுப்ப வச்சி கம்பெனி ஆளுங்களுக்கு சோறு ஆக்கிப்போட ஆரம்பிச்சிட்டா, வேல போனாலும் பொழச்சிக்கலாம். அப்பறமா லீவு சொல்லிட்டு கண்ண காட்டலாம்னு. ஊர்ல எத்தன கடை இருக்குது, தெருப்பொண்ணாச்சேன்னு ஒங்கிட்ட வந்தேன் பாரு, என்னச் சொல்லணும்."

நான் அடுப்பைப் பற்றவைத்தேன். "நீலமா எரியுதா, பாத்துச் சொல்லு" என்றார் அக்கா. நீலம்தான் என்றேன். எனக்கு எல்லாமே கலங்கித்தான் தெரிந்தது.

அதன் பிறகு பாண்டிச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். புரையை எடுத்தாலும் பிரயோஜனமில்லை, பின்னால் நரம்பு வெந்துபோயிருக்கிறது, இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டாராம் டாக்டர். நான் என் பங்குக்கு எங்கள் வீட்டு நந்தியாவட்டையைத் தினமும் பறித்து, அவர்கள் சுவர்மேல் வாழையிலையில் வைத்துவிட்டு ஓடிவந்துகொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கத் துப்பில்லாதவள் வேறென்ன செய்வாள்? ஒரு மாதம் வைத்தேன். ஒருநாள் அக்கா அந்த இலையை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்தார். "இனிமே வேணாம். நீயே தலையில வச்சிக்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். கோபமாகச் சொல்லவில்லை.

அந்தத் தெரு இப்போது அந்தத் தெருவாக இல்லை. போன வருடம் ஒரு காரியமாக ஸ்ரீமுஷ்ணம் போகும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தேன். அண்ணன் வீடு இருந்த இடத்தில் சிமெண்ட் குடோன். அவர் போய் ஏழு வருடமாகிவிட்டது, அக்கா எங்கள் மாவட்டத்து மங்களூர் பக்கம் தம்பி வீட்டோடு இருக்கிறார் என்று டீக்கடையில் சொன்னார்கள். ஒரு வாசலிலும் செடி இல்லை. எல்லோரும் சிமெண்ட் பூசிவிட்டார்கள். நாங்கள் வீட்டைக் காலி செய்தபோது விட்டுவந்த நந்தியாவட்டையும் ஜாடியோடு காணோம். நான் வேலை பார்த்த கடையில் செல்போன் விற்கிறார்கள்.

அந்தச் செடியின் கிளை ஒன்று என்னிடமாவது இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். என் கணவரும் அப்படித்தான் கேட்டார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அண்ணன் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போனேன். சமையலறையில் அந்த அடுப்பு உஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது. நாற்பது பேர் வரவில்லை, பதினைந்து பேருக்குத்தான் சமையல் என்று பாத்திரத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அண்ணன் வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பத்திரிகையைத் தடவி, மஞ்சள் வைத்த மூலையை முகர்ந்து பார்த்தார். "எந்த ஊரும்மா?" "மெட்ராசுண்ணே." "மாடி வூடா? தொட்டியில வச்சாலும் அது நல்லா வரும்" என்றார். வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுச் சுவரைப் பிடித்து எழுந்தார். நந்தியாவட்டை ஜாடி எந்தப் பக்கம் என்று கையால் துழாவிக் கண்டுபிடித்தார். பிறகு அதற்கும் எனக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். பங்குனி வெயில்.

"இன்னைக்கி மழை வரும்போல இருக்குதே" என்றார்.

கண் தெரியாத மனிதர், நான் திருடுவதற்காகத் திரும்பி நிற்கிறார். என் கை கிளை வரைக்கும் போனது. ஏற்கெனவே இவரிடமிருந்து நான் எடுத்தது போதும் என்று இருந்தது. காத்திருக்கிறாரே, சத்தம் கேட்க வேண்டுமே என்று கீழே கிடந்த காய்ந்த குச்சி ஒன்றை எடுத்துச் சடக்கென்று ஒடித்தேன். அவர் கன்னம் சிரிப்பில் மேலேறியது பின்னாலிருந்தே தெரிந்தது. நன்றி சொல்லக் கூடாது என்பதால் ஒன்றும் சொல்லாமல், அந்தக் குச்சியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன்.