தாழ்ப்பாள் போட்ட குளியல்

பழைய பாத்ரூமில் புது மிக்ஸர் ஷவர் மாட்டும் சக பிளம்பர்களே, மாட்டச் சொல்லிவிட்டு வாசலிலேயே நிற்கும் வீட்டுக்காரர்களே, நம் இரண்டு கட்சிக்கும் பொது எதிரி அந்தச் சுவர்தான். சுவரை விடப் பெரிய தொல்லை பிளம்பரின் அவசரம் என்பதைக் கடத்தூரில் ஒரு வீட்டில் தெரிந்துகொண்டேன்.

எந்த மாடல்?

அது கோவிந்தன் அண்ணன் வீடு. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் சம்சாரம் ஜெயா அக்காவுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை தூக்க வராது. தினமும் காலையில் அண்ணன்தான் ஹீட்டர் தண்ணீரை வாளியில் விளாவி, விரல் விட்டுச் சூடு பார்த்து, அக்காவைக் குளிக்க வைப்பார்.

எப்படிப்பட்ட மிக்ஸர் வேண்டும் என்று கேட்டேன். குரோமா, கறுப்பா, வட்டமா, சதுரமா என்று அண்ணன் ஆரம்பித்தார். அக்கா குறுக்கே வந்தார்: "எதுவா இருந்தா என்ன தம்பி? கதவச் சாத்திக்கிட்டு நானே குளிக்கணும், அவ்ளோதான்."

நின்று கட்டிய வீடு

வெந்நீர்ப் பைப்பையும் பச்சைத்தண்ணீர்ப் பைப்பையும் கொண்டுபோகச் சுவரில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்ட வேண்டும். "இந்தப் பக்கம் பைப் லைனே இல்ல தம்பி, நானே நின்னு கட்டுன வூடு" என்று அண்ணன் அடித்துச் சொன்னார். நானும் நம்பி வெட்டும் மிஷினை வைத்தேன். உள்ளே இருந்த பைப் அறுந்துபோனது.

பீய்ச்சியடித்த தண்ணீரில் நானும் நனைந்தேன், அண்ணனும் நனைந்தார். தண்ணீரை நிறுத்த கேட்வால்வைத் தேடி ஓடினோம். ஹாலில் உட்கார்ந்திருந்த அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "நின்னு கட்டுனாராம்! பைப்பு பதிச்ச அன்னைக்கி நீங்க சேலம் ட்ரிப்புல இருந்தீங்க."

என் உயரம்

அடுத்த தப்பு முழுக்க என்னுடையது. பழக்க தோஷத்தில் மிக்ஸரை என் நெஞ்சு உயரத்துக்கு மாட்டி, டைல்ஸும் ஒட்டிவிட்டேன். மறுநாள் அக்கா வந்து பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து இடது கையை நீட்டினார். கைப்பிடிக்கு ஒரு சாண் கீழேயே கை நின்றுவிட்டது. நின்றபடி குளிக்க முடியாதவரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. "பரவால்ல தம்பி, அவரே திருப்பி வுடட்டும்" என்று அக்கா சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவரை எழவிடாமல், இடது கை தானாகப் போய் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். மறுபடியும் உடைத்தேன். வீட்டில் மிச்சமிருந்த பாத்ரூம் டைல்ஸ் முதல் தடவையிலேயே தீர்ந்துவிட்டது, கடையிலும் இப்போது அது இல்லை. சமையலறைக்கு வாங்கி மிஞ்சிய திராட்சைக் குலை டைல்ஸைத்தான் ஒட்ட முடிந்தது. அக்கா அதைத் தடவிப் பார்த்தார்: "இருக்கட்டும் தம்பி. அவரு கட்டுன வூட்டுல இந்த உயரம் ஒண்ணுதான் என் கையக் கேட்டு வெச்சது."

வெளியே இருவர்

முதல் குளியல். அக்கா உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. தோளில் துண்டோடு கதவில் காதை வைத்து, "சூடு போதுமா?", "வழுக்குதா?", "ஜெயா, இருக்கியா?" என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டார். உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. வருஷக் கணக்காகக் குளிக்காதவர் போல அக்கா குளித்தார். கடைசியில் பதில் வந்தது: "ஏங்க, தம்பியக் கூட்டிக்கிட்டுப் போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. நான் இன்னும் சோப்பே போடல."

டீக்கடையில் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்; இத்தனை வருஷத்தில் நான் மாட்டிய மிக்ஸர்களில், ரிட்டையர் ஆன ஒரு மனுஷனை இரண்டாவது தடவையும் ரிட்டையர் ஆக்கியது அது ஒன்றுதான்.