நாற்பத்து மூன்றாம் டோக்கன்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் இருந்தது. அது ஆஸ்பத்திரிச் சம்பளப் பதிவேட்டில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மற்றபடி ஊர் முழுக்க அவள் டோக்கன் அக்காதான். ஒருநாள் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் சொந்தப் புருஷனே "டோக்கன் அக்கா, என் கண்ணாடி எங்கே?" என்று கேட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பத்தொன்பது வருஷமாக அவள் வெளிநோயாளிகள் பிரிவின் இரண்டாம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்று முதல் நூறு வரை எண் அடித்த அலுமினிய வில்லைகள் ஒரு துணிப்பையில் இருக்கும். ஆளுக்கு ஒன்று கொடுப்பாள். பிறகு அவளே எண்ணைக் கூப்பிட்டு, உள்ளே அனுப்பும்போது வில்லையைத் திரும்ப வாங்கிக்கொள்வாள். ஒவ்வொரு எண்ணையும் மூன்று தடவை கூப்பிடுவாள். மூன்றாவது தடவையும் ஆள் வரவில்லையா, போயிற்று, அடுத்த எண். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை. வாசலில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து நின்று தன் முறைதானா என்று பார்க்கும்.

வரிசை என்றால் அவளுக்கு வரிசைதான். பெரிய டாக்டரின் மாமியார் வந்து "நான் யார் தெரியுமா?" என்று கேட்டபோது, "தெரியும், நீங்க எழுபத்தொண்ணு" என்று வில்லையைக் கையில் வைத்தாள். மாமியார் மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டருக்குக் கோபம் வரும் என்று எல்லாரும் பயந்தார்கள். அவரோ அன்று முழுக்க அவளைக் காணும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார்.

நூறு வில்லை என்றேனே, உண்மையில் தொண்ணூற்று ஒன்பதுதான். நாற்பத்து மூன்று கிடையாது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் இருமலுக்கு மருந்து வாங்க வந்த ஒரு வாண்டு, அம்மா கையிலிருந்த நாற்பத்து மூன்றைப் பிடுங்கி வாயில் போட்டு முழுங்கிவிட்டது. படம் எடுத்துப் பார்த்தார்கள். வயிற்றுக்குள்ளே எண்கூடத் தெளிவாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் வில்லை பத்திரமாக வெளியே வந்தது. பிள்ளையின் அப்பா அதைக் கழுவிக் காகிதத்தில் சுற்றி நாணயமாகக் கொண்டுவந்து நீட்டினார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் கை நீட்டவில்லை. அன்றிலிருந்து நாற்பத்திரண்டுக்கு அடுத்து நாற்பத்து நான்கு என்று அவள் வாய்க்குப் பழகிப்போயிற்று. யாராவது கேட்டால், "அதை ஒரு பிள்ளை முழுங்கிடுச்சு" என்பாள். கேட்டவர் மேற்கொண்டு என்ன பேச முடியும்?

இப்படி இருக்கையில்தான் அந்தக் காய்ச்சல் வந்தது. யாரைக் கேட்டாலும் காய்ச்சல், எங்கே பார்த்தாலும் முகத்தில் துணி. வெளிநோயாளிகள் பிரிவை மூடிவிட்டு அவளை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். வில்லைப் பையை அவள் வழக்கம்போலக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் வந்தாள். யாரை நம்பி அங்கே விட்டுவிட்டு வருவது?

வீட்டில் ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. பிரசவத்துக்கு வந்திருந்த தங்கச்சிக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. தங்கச்சி புருஷன் வேலை பார்க்கும் ஊருக்கு வண்டி வாகனம் எல்லாம் நின்றுபோனதால் அவன் அங்கேயே மாட்டிக்கொண்டான். போதாக்குறைக்குத் தங்கச்சிக்கே காய்ச்சல் வந்து, பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படுத்துவிட்டாள். சுரத்தில் தாய்ப்பால் வற்றிவிட்டது. குழந்தைக்கு இனி டப்பாப் பால்மாவுதான் கதி என்று ஆயிற்று. டப்பாவிலோ அளவுக் கரண்டி தரையைச் சுரண்ட ஆரம்பித்திருந்தது.

ஊர் சனங்களைப் பற்றிச் சொன்னால் எனக்கு வயிறு எரியும். காய்ச்சலுக்கும் அவர்கள் வாங்கிக் குவித்த சாமானுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? ஒருத்தன் உப்பு தீரப்போகிறது என்றான். மறுநாள் உப்பு இல்லை. இன்னொருத்தன் தீப்பெட்டி என்றான், தீப்பெட்டி இல்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் இருபது கிலோ உப்பை வாங்கி வைத்துக்கொண்டு, அதைப் போட்டுச் சமைக்க அரிசி இல்லாமல் முழித்தார். அரிசி மூட்டையை வாங்கியவர் அடுப்பு பற்றவைக்கத் தீப்பெட்டி கேட்டு அலைந்தார். இருந்ததை ஆளுக்குக் கொஞ்சம் வாங்கியிருந்தால் எல்லார் வீட்டிலும் எல்லாம் இருந்திருக்கும். யார் கேட்டார்கள்!

டோக்கன் அக்கா முதலில் புருஷனைத்தான் பால்மாவு வாங்க அனுப்பினாள். அவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிறவர். நல்ல மனுஷர், ஆனால் நாலு பேர் ஓடினால் தானும் ஓடுகிறவர். மூன்று மணி நேரம் கழித்து வேர்வை வழிய, வெற்றி வீரனாகத் திரும்பி வந்தார். பையில் பதினோரு டப்பா இருந்தது.

"கிடைச்சுதா!" என்று அவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். பதினொன்றும் ஷூ பாலிஷ்.

"என்னங்க இது?"

"எல்லாரும் அடிச்சுப் பிடிச்சு வாங்கினாங்கம்மா. கடைசிப் பதினொண்ணு. விடுவேனா?"

"நம்ம வீட்ல ஷூ யாருங்க போடுறா?"

மீட்டர்க்காரர் தன் ரப்பர் செருப்பைக் குனிந்து பார்த்தார். "கறுப்புதான் வாங்கியிருக்கேன்" என்றார் மெதுவாக.

பின்னறைக் கதவுக்கு அப்பாலிருந்து தங்கச்சி, "அக்கா, மாமா பால்மாவு வாங்கிட்டு வந்துட்டாரா?" என்று ஈனக்குரலில் கேட்டாள். "வருதும்மா, வருது. நீ தூங்கு" என்றாள் அக்கா. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டி எண்ணிப் பார்த்தாள். மறுநாள் மத்தியானம் வரை தாங்கும்.

மறுநாள் காலை விடிந்ததும் விடியாததுமாகக் குழந்தையைப் புருஷன் மடியில் போட்டுவிட்டு அவளே கிளம்பினாள். முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடையில் இல்லை. மூன்றாவது கடைக்காரர் "பால்மாவா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நாலாவது, மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மொத்தக் கடை. அங்கே எள் போட்டால் எள் விழாத கூட்டம். கடையோ மூடிக் கிடந்தது. ஷட்டரை நாலு பேர் உதைக்கிறார்கள், ஆறு பேர் திட்டுகிறார்கள், ஒருத்தர் தோள்மேல் ஒருத்தர் ஏறுகிறார். முந்தின நாள் இதே கூட்டம் கடைக்குள் புகுந்து தராசையே உடைத்திருந்ததால், கடைக்காரர் உள்ளே உட்கார்ந்துகொண்டு திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

பக்கத்தில் நின்றவரிடம், "என்ன விக்கிறாங்க?" என்று கேட்டாள்.

"தெரியலைங்க."

"தெரியாமலா நிக்கிறீங்க?"

"இவ்வளவு பேர் நிக்கிறாங்களே!"

அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. கூட்டத்தைக் கண்டால் அவளுக்கு ஆகாது. வீட்டில் அரிசியில் கல் பொறுக்கினாலும் கல்லை வரிசையாக வைக்கிற பிறவி அவள். இரண்டு கையையும் தட்டினாள்.

"யாரது ஷட்டரை உதைக்கிறது? ஆஸ்பத்திரியா, சந்தையா இது? வரிசையா நில்லுங்க!"

அது சந்தைதான். ஆனாலும் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அந்தக் குரலுக்கு அப்படி ஒரு அதிகாரம். ஷட்டரை உதைத்துக்கொண்டிருந்தவன் காலை இறக்கி, தன்னையறியாமல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"ரெண்டு முழம் தள்ளி நில்லுங்க. முழம்னா தெரியாதா? கையை நீட்டிப் பாருங்க. அட, அவரை ஏன் குத்துறீங்க?"

ஐந்து நிமிஷத்தில் கூட்டம் வரிசை ஆயிற்று. கடைக்காரர் ஷட்டரை ஒரு சாண் தூக்கி, தரையோடு தரையாகப் படுத்து எட்டிப் பார்த்தார்.

"அம்மா, நீங்க போலீசா?"

"டோக்கன். உள்ளே என்ன இருக்கு?"

"குழந்தைங்க பால்மாவு மட்டும்தாம்மா வந்திருக்கு. அறுபது டப்பா. வேற ஒண்ணும் இல்லை, சத்தியமா."

அவள் நெஞ்சு குளிர்ந்தது. "ஆளுக்கு ஒண்ணுதான். வில்லை வச்சிருக்கவங்களுக்கு மட்டும் குடுங்க" என்றாள். பையைத் திறந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை நெடுக நடந்து கொடுத்தாள். பழக்கத்தில் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. அறுபதாம் வில்லையைக் கொடுத்ததும் பையின் வாயை இழுத்துக் கட்டினாள். மீதம் நின்ற முப்பது பேரிடம், "தீர்ந்துபோச்சு, வீணா வெயில்ல நிக்காதீங்க. நாளைக்கு வாங்க" என்றாள். முணுமுணுத்துக்கொண்டே கலைந்து போனார்கள்.

பால்மாவு என்று தெரிந்ததும் பாதிப் பேர் நகர்வார்கள் என்று நினைத்தாள். ஒருத்தர் நகரவில்லை! வில்லை கைக்கு வந்த பிறகு யார் விடுவார்? பல் போன பெரியவர் ஒருத்தர், "டீக்குப் போடலாம்ல" என்றார்.

கடைக்காரர் முதல் பெட்டியைப் பிரித்துக்கொண்டே, "நீங்களும் வாங்கத்தானம்மா வந்தீங்க? உங்க நம்பர் என்ன?" என்று கேட்டார்.

அவள் பையின் கட்டை அவிழ்த்துப் பார்த்தாள்.

பத்தொன்பது வருஷத்தில் அவள் ஒருநாளாவது ஜன்னலுக்கு வெளியே நின்றிருக்கிறாளா? ஒரு வில்லையாவது தனக்கென்று எடுத்திருக்கிறாளா? பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டுத் தன் இலையை மறந்தவள் கதையாயிற்று. பையில் அறுபத்தொன்று முதல் நூறு வரை கிடந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, பாயாசமா வைப்பது?

அந்த நேரம் பார்த்துப் புருஷன் போன் செய்தார். பின்னால் குழந்தை வீறிட்டது. "கடைசிக் கரண்டியும் போட்டாச்சும்மா. தாலாட்டு ஒண்ணும் தெரியலை, மீட்டர் நம்பரா சொல்லிட்டிருக்கேன். நாலாயிரத்து இருநூத்திப் பன்னெண்டு வரைக்கும் சும்மா இருந்தான். அப்புறம் அழுவுறான். கிடைச்சுதா?"

"வரேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது. அம்பத்தெட்டாம் எண்ணை வைத்திருந்த வாலிபனிடம் போனாள். அவள் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை, நாக்கு கூசியது.

"தம்பி, உனக்கு வீட்ல குழந்தை இருக்கா?"

"இன்னும் கல்யாணமே ஆகலைக்கா."

"அப்புறம் எதுக்குப்பா உனக்கு பால்மாவு?"

"ஆகும்லக்கா" என்றான் அவன். அவள் தன் கதையைச் சொல்ல வாயெடுப்பதற்குள், "வரிசைன்னா வரிசைக்கா. இப்பதானே நீங்களே சொன்னீங்க" என்று மேலே ஒன்றைச் சேர்த்தான்.

டாக்டரின் மாமியார் எங்கிருந்தாலும் அந்த நேரம் அவருக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஷட்டர் பக்கத்தில் வந்து நின்றாள். விட்டுவிட்டு ஓடலாம்தான். ஓடினால் இந்தக் கூட்டம் மறுபடி ஷட்டரை உதைக்கும். கைக்குழந்தையோடு நின்ற நாலைந்து பெண்களும் மிதிபடுவார்கள். "ஒண்ணு!" என்றாள். டப்பா வெளியே வந்தது. வில்லை பைக்குள் போயிற்று. "ரெண்டு!" ஒவ்வொரு டப்பாவும் அவள் கண்ணெதிரே கை மாறிப் போயிற்று. நாற்பத்திரண்டு, நாற்பத்து நான்கு. பெரியவர் டப்பாவை முத்தமிட்டார். அம்பத்தெட்டாம் எண் டப்பாவை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நடந்தது. "அறுபது!" என்று கூப்பிடும்போது குரல் உடைந்துவிட்டது. அறுபதும் போயிற்று. தெரு காலியாயிற்று.

இரண்டெட்டு வைத்திருப்பாள். ஷட்டருக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு ஆடியது.

"அம்மா! ஒரு டப்பா மிச்சம் இருக்கு. அறுபதுதான் வந்துச்சு, நானே எண்ணி இறக்கினேன். யாரோ வில்லையைக் குடுத்துட்டு டப்பாவை வாங்காம போயிட்டாங்க!"

"அப்படி யாரும் போகலையே" என்று பையை அங்கேயே தரையில் கவிழ்த்தாள். கொடுக்காத அறுபத்தொன்று முதல் நூறு வரை ஒதுக்கித் தள்ளினாள். திரும்ப வாங்கினதை மட்டும் பத்துப் பத்தாக அடுக்கினாள். ஐந்து அடுக்கு சரியாக நின்றது. ஒன்று மட்டும் ஒன்பதோடு நின்றுவிட்டது. அந்தக் குட்டை அடுக்கைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் நடுத்தெருவில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். கடைக்காரர் பயந்துபோய்க் கையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"என்னம்மா ஆச்சு? யாரோடது?"

"இருங்க, முறைப்படி கூப்பிடணும்" என்று எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். ஒரு ஈ காக்கை இல்லாத தெருவைப் பார்த்து, "நாப்பத்திமூணு!" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நாப்பத்திமூணு!" என்றாள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது மூன்று தெரு தள்ளி ஒரு நாய் எழுந்து நின்றிருக்கும்.

"வரலை. அடுத்தது நான்" என்று பணத்தைக் கொடுத்துவிட்டு டப்பாவை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். இருபது நிமிஷ நடையை எட்டு நிமிஷத்தில் ஓடினாள். மீட்டர்க்காரர் ஒன்பதாயிரத்தைத் தாண்டிப் பாடிக்கொண்டிருந்தார். குழந்தை குடித்து முடித்து ஏப்பம் விட்ட சத்தம் கதவுக்கு அப்பால் தங்கச்சிக்குக் கேட்டது. "அக்கா!" என்று அவள் உள்ளே அழுதாள், பெரியம்மாக்காரி வெளியே அழுதாள், நடுவில் மீட்டர்க்காரர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாம் நாள் அதே கடைக்கு வந்து சேர்ந்த பால்மாவை வாங்க அவள் நேரத்தோடு போனாள். இந்தத் தடவை ஒன்றாம் வில்லையைத் தன் முந்தானையில் முடிந்துகொண்ட பிறகுதான் பையைத் திறந்தாள். தங்கச்சியும் பத்தாம் நாள் எழுந்து நடமாடினாள்.

காய்ச்சல் ஓய்ந்து இரண்டாம் ஜன்னலை மறுபடி திறந்தார்கள். ஷூ பாலிஷ் இன்னும் அப்படியே பரணில் இருக்கிறது. புதிதாக வந்த மேலதிகாரி வில்லைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "நாற்பத்து மூன்று எங்கேம்மா? ஒண்ணு அடிக்கச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டார்.

"ஐயையோ, வேண்டாம் சார், அது அப்படியே இருக்கட்டும்" என்று பதறினாள் டோக்கன் அக்கா.

"ஏன், என்ன ஆச்சு அதுக்கு?"

"அதை ரெண்டு பிள்ளைங்க முழுங்கிடுச்சு சார்."