புது வளையத்தில் முதல் பெயர்

ஓசூரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகள் தமக்குள் ஆடும் கோல்ஃப் போட்டிக்கு ஒரு பழைய வெள்ளிக் கோப்பை உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் சுரங்க அதிகாரிகள் தங்கள் போட்டிக்காகச் செய்துவைத்தது. கைமாறிக் கைமாறி எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. அதன் மரப் பீடத்தைச் சுற்றியுள்ள வெள்ளி வளையங்களில் வென்றவர்களின் பெயர்கள் இருக்கும். ஜெயித்தவர் ஒரு வருடம் கோப்பையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த போட்டியன்று தன் கையாலேயே கொண்டுவந்து மைதானத்து மேஜையில் வைக்கவேண்டும். அதுதான் வழக்கம்.

நான் கியர் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். பள்ளியில் ஹாக்கி ஆடியவள். எங்கள் அணியில் ஒருவர் மாற்றலாகிப் போனதும், ஆள் குறைகிறதே என்று என்னைச் சேர்த்தார்கள். ஆரம்பத்தில் பந்தைத் தரையோடு தரையாக விரட்டினேன், பார்த்தவர்கள் சிரித்தார்கள். உத்தனப்பள்ளியில் எங்கள் ரோஜாத் தோட்டத்தை ஒட்டிய தரிசில் ஞாயிறுதோறும் அடித்துப் பழகினேன். பந்து பொறுக்கிப் போட்டவர் என் வீட்டுக்காரர்.

மூன்றாம் வருடம் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டேன். எதிரே ஆடியவர் முந்தைய வருடம் வென்றவர். பெங்களூரிலிருந்து வந்துபோகும் ஆலை மேலாளர். குறைந்த அடியில் பந்தைக் குழியில் போடுபவருக்கு அந்தக் குழி. பதினேழு குழி முடிந்தபோது இருவரும் சமம்.

கடைசிக் குழியை அவர் ஐந்து அடியில் முடித்தார். நான் நான்காவது அடிக்கு நின்றேன். குழி ஓர் ஆட்டோ நீளத் தூரத்தில் இருந்தது; தரை இடப்பக்கம் சரிந்திருந்தது. பை சுமந்துவந்த வீட்டுக்காரரிடம், "எந்தப் பக்கம் அடிக்கிறது?" என்றேன்.

"எனக்கென்னா தெரியும்? நீ அடி. போகலைன்னா இன்னொரு வாட்டி அடிச்சிக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சற்று வலப்பக்கம் ஒதுக்கித் தட்டினேன். பந்து வளைந்து போய், விளிம்பில் தயங்கி, உள்ளே விழுந்தது. வேலியோரம் நின்றிருந்த எங்கள் ஷிப்டுப் பெண்கள் கத்திய கத்தலில் மரத்துக் கொக்குகள் கிளம்பின. மேலாளர் தொப்பியைக் கழற்றினார். "தும்பா சென்னாகி ஆடித்ரி, மேடம்" என்று கன்னடத்தில் பாராட்டிவிட்டு, கோப்பையைத் தானே எடுத்து என் கையில் கொடுத்தார்.

பழைய வளையங்களில் இடம் தீர்ந்திருந்ததால் புதிதாக ஒன்றைப் பூட்டினார்கள். பெயர் வெட்டுபவர் அங்கேயே உட்கார்ந்து, "இங்கிலீஷ்லதானேம்மா?" என்றார்.

"தமிழ்ல போடுங்க."

போட்டிச் செயலாளர் தயங்கினார். "இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லீங்க."

"பொம்பள யாரும் இதுவரைக்கும் ஜெயிச்சதில்லீங்களே சார்."

அவர் சிரித்துவிட்டார். "போட்டுடுப்பா."

ராயக்கோட்டை சாலையில் ஸ்கூட்டரின் பின்னால், கோப்பையை மடியில் அணைத்தபடி வீடு வந்தேன். மாமியார் ரோஜாக் கட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். பீடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், புது வளையத்தில் நிறுத்தி, எழுத்துக் கூட்டி என் பெயரைப் படித்தார். பிறகு கோப்பையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.