இடப்பக்க வாங்குகளுக்கு விட்டுவைத்த வரி

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை மாலை, அந்தத் தேவாலயத்தின் இடப்பக்க வாங்கு இருக்கைகளிலிருந்து வேதத்தை வாசித்தது யார்? எனக்குத் தெரியாது. அங்கே ஒருவரும் இருக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

யாழ்ப்பாணத்துப் பழைய மிஷன் தேவாலயங்களைப் பார்ப்பது என் பல வருட ஆசை. கட்டடங்களில்தான் ஆர்வம், வழிபாட்டில் இல்லை. நல்லூரில் அறை எடுத்தேன் (ஓர் இரவுக்கு 5,500 ரூபாய், காலைச் சாப்பாடு தனி). நகரிலிருந்து சுன்னாகத்துக்குப் பேருந்தில் பத்துக் கிலோமீற்றர். மழை நாளில் நாற்பது நிமிடம். அங்கிருந்து ஓட்டோவுக்கு 600 ரூபாய். ஊரின் பெயரை எழுதவில்லை. ஏன் என்பது போகப் போக விளங்கும்.

“உந்தச் சேர்ச்சுக்கோ அக்கா?” ஓட்டோக்காரத் தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “உவை தங்களுக்கு ஒரு வரி வாசிச்சிட்டு, பேய்க்கு ஒரு வரி விடுகிறவை.”

“நீங்கள் கேட்டிருக்கிறீங்களோ?”

“நான் ஏன் உள்ளை போறன்? எனக்கு மனிசி பிள்ளையள் இருக்கு.”

தேவாலயத்தின் திறப்பு (சாவி), ஓய்வுபெற்ற ஆசிரியையான ஞானம் அக்காவிடம் இருந்தது. ஐந்து மணிச் செபத்துக்கு முன் தூண்களையும் கூரை மரங்களையும் காட்டினார். ஒருவரும் இருக்காத இடப்பக்க வாங்குகளும் துடைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு புத்தகம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. காரணம் கேட்டேன்.

அங்கே வேதப்பகுதியை மாறிமாறி வாசிப்பது வழக்கம்: வலப்பக்கம் ஒரு வசனம், இடப்பக்கம் அடுத்தது. போரில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பிய பிறகு சபை இரண்டாயிற்று. குழந்தையில் தலையில் தெளித்த தண்ணீர் ஞானஸ்நானமே அல்ல என்று சொல்லி இடப்பக்கத்தார் தொண்டைமானாற்றில் மூழ்கி எழுந்தார்கள். அடுத்த ஒழுங்கையில் (சந்தில்) தனி மண்டபமும் கட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் ஞானம் அக்காவின் உடன்பிறந்த தங்கை ரூபி.

“‘அப்ப நாங்கள் ஆண்டவரின்ரை பிள்ளையள் இல்லையோடி?’ எண்டு கேட்டன். அவையின்ரை வரியை நாங்கள் வாசிச்சா, அவை போயிட்டினம் எண்டாயிடும். அதுதான் விட்டு வைச்சிருக்கிறம்.” புத்தகமொன்றை நேராக்கி வைத்தார். “புதுப் போதகருக்கு உது பிடிக்கேல்லை. நாளையோடை சரியாம். வாங்குகளையும் தூக்கிடுவினம். பிறகு அவள் வந்தாலும் எங்கை, பிள்ளை, இருக்கிறது?”

செபத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். மழையில் மின்சாரம் போய்விட்டது. மேசையில் இரண்டு மெழுகுதிரிகள். வலப்பக்கம் ஒரு வசனம் வாசித்தது. பிறகு மௌனம், ஒரு வசனத்தின் நீளத்துக்கு. ஓட்டில் மழை. மீண்டும் ஒரு வசனம், மீண்டும் மௌனம். அடுத்த மௌனத்தில் இடப்பக்கத்திலிருந்து தாழ்ந்த குரல்கள் கேட்டன. சொற்கள் பிடிபடவில்லை. வசனத்தின் ஏற்ற இறக்கம் இருந்தது. முடிவில் பலர் ஒன்றாக மூச்சு விடுவதும் கேட்டது. ஒருவரும் திரும்பவில்லை. வலப்பக்கம் அடுத்த வசனத்தைத் தொடங்கியது.

வெளியே வந்ததும் கேட்டேன்.

“ஓம், சில நாளையிலை கேக்கும்,” என்றார் ஞானம் அக்கா, குடையை விரித்தபடி. “நாங்கள் திரும்பிப் பாக்கிறேல்லை. பாத்தா வெக்கப்பட்டுப் போயிடுவினம்.”

அடுத்த ஒழுங்கை மண்டபத்துச் சத்தத்தைக் காற்று கொண்டுவந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முந்நூறு மீற்றர்கூட இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: இருட்டிய பின் அந்தப் பக்கம் ஓட்டோ கிடைப்பது அரிது, திரும்பி வரவும் முதலே பேசிவையுங்கள். ரோர்ச் விளக்கு கொண்டுபோங்கள். செபத்தின்போது படம் எடுக்காதீர்கள். கடவுளைப் பற்றிய என் சந்தேகங்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் ஒரே தகப்பனின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்பவர்கள், பிரிந்து போனவர்களின் பங்கைத் தொடாமல் காத்திருப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மறுநாள் நடந்தது இது. என் விளக்கம் சரிதானா என்று பார்க்கக் காலையிலேயே அந்த மண்டபத்துக்குப் போனேன். ஆராதனை முடிந்து ஒரு பெண் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததுமே ரூபி என்று தெரிந்தது. அக்காவின் அதே நெற்றி. முந்தின நாள் மாலை அங்கே வாசிப்பு நடந்ததா என்று கேட்டேன்.

“நேற்றுப் பின்னேரமோ? மழைக்கு ஒருத்தரும் வரேல்லை. மண்டபம் பூட்டு. திறப்பு என்னட்டைத்தான்.”

குரல்களைப் பற்றி நான் பேசவில்லை. விட்டுவைத்த வரியைப் பற்றியும், அது இன்றோடு முடிவதையும் மட்டும் சொன்னேன்.

“இவ்வளவு காலமாவோ? எங்கடை வரியை?”

“ஓம். புத்தகமும் விரிச்சு வைச்சிருக்கினம்.”

“விசரி, பைத்தியம்,” என்றார். “அவள் சின்னனிலையே விசரி.” பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு நடந்துவிட்டார்.

பழைய தேவாலயத்தின் ஒன்பது மணி ஆராதனையில் வலப்பக்கம் முதல் வசனத்தை வாசித்தது. மௌனம். போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் ஒரு செருமல். பிறகு ஒற்றைக் குரல், கரகரப்பாக, அடுத்த வசனத்தை முழுவதும் வாசித்தது. ஒருவரும் திரும்பவில்லை. நான் மட்டும் திரும்பினேன். இடப்பக்கக் கடைசி வாங்கின் விளிம்பில், கைப்பையை மடியில் இறுக்கியபடி ரூபி. ஞானம் அக்கா தன் வசனத்தை முந்தின நாளைவிட உரத்து வாசித்தார்.

ஆசீர்வாதத்துக்கு முன்பே ரூபி எழுந்து போய்விட்டார். அறிவித்தல்களின்போது போதகர் வாங்குகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.